மூன்றரை மணிக்குக் கெங்கம்மா

எங்கள் முதலாளி அருள்பிரகாசத்துக்கு இல்லை என்று சொல்ல வராது. ராயபுரத்தில் ஏற்றுமதிச் சரக்குகளுக்குக் கஸ்டம்ஸ் வேலை முடித்துத் தரும் கம்பெனி நடத்துகிறவர், யார் போன் பண்ணினாலும் "மூணு மணிக்கு வாங்களேன்" என்பார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போதுகூட இரண்டு பேருக்கு மூன்று மணி கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். திங்கட்கிழமை மூன்று மணிக்கு ஐந்து பேர் வந்து நிற்பார்கள். ஐந்து பேரும் முறைப்பது என்னைத்தான். நான் குணசேகரன், ஹெட் கிளார்க், இருபத்தாறு வருஷ சர்வீஸ், கோபக்காரன். கடைசியாகச் சொன்னதை மறைத்துப் பிரயோஜனமில்லை. வியாசர்பாடியில் எங்கள் தெருவிலும் எனக்கு அந்தப் பெயர்தான்.

இந்த லட்சணத்தில்தான் ஹெப்சிபா வேலைக்கு வந்தாள். முதலாளி யாரை எப்போது பார்க்க வேண்டும் என்று டைரி போட்டுப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. ஆறு மாதம் தற்காலிகம். அதற்குப் பிறகு வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்று நான் எழுதித் தர வேண்டும். இந்தச் சம்பளத்தை நம்பித்தான் அவளும் அவள் அம்மாவும் தண்டையார்பேட்டையில் வாடகைக்கு வீடு பிடித்திருந்தார்கள். அது தெரிந்தும், முதல் நாளே அனுப்பிவிடுவது என்று மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன். டைரி எழுதத் தனியாக ஓர் ஆளா? நான் பார்க்காத டைரியா?

ஆனால் பெண் கெட்டிக்காரி. அதைச் சொல்லாவிட்டால் சோறு இறங்காது. வருகிறவர்களிடம் "எப்ப வருவீங்க" என்று கேட்கவே மாட்டாள். "இப்ப எங்க இருக்கீங்க, பக்கத்துல என்ன கடை" என்பாள். "பேசின் பிரிட்ஜ் தாண்டிட்டேம்மா" என்று ஒருவர் சொன்னால், அவர் இன்னும் வீட்டில் சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டிருக்கிறார் என்று குரலிலேயே கண்டுபிடித்து, அடுத்தவரை உள்ளே அனுப்பிவிடுவாள். எண்ணூர் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு, டிரெய்லர் லாரிகள் அன்றைக்கு எதுவரை நிற்கின்றன என்று திருவொற்றியூர் டீக்கடைக்கு போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் நேரம் கொடுப்பாள். நேரம் முடிந்தும் எழுந்திருக்காத ஆசாமி இருந்தால், உள்ளே போய் அவருடைய ஃபைலை எடுத்து மரியாதையாக அவர் கையிலேயே கொடுப்பாள். ஃபைல் கைக்கு வந்ததும் மனுஷன் தானாக எழுந்துவிடுகிறான். இருபத்தாறு வருஷத்தில் எனக்கு இது தோன்றவில்லை.

ஒரே மாதத்தில் வாசலில் கூட்டம் இல்லாமல் போயிற்று. முதலாளி மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார். எனக்கு வயிறு எரிந்தது.

அந்த எரிச்சலுக்கு ஒரு பெயர் கிடைத்தது. டைரியில் தினமும் மூன்றரையிலிருந்து நாலு மணி வரை 'கெங்கம்மா, சாத்தாங்காடு' என்று எழுதியிருக்கும். அங்கே இரும்பு மார்க்கெட்டில் பெரிய புள்ளி போலிருக்கிறது என்று நினைத்தேன். ஆனால் அந்த அம்மாள் ஒரு நாளும் வந்ததில்லை. கேட்டால், "இன்னிக்கு வரல சார், நாளைக்கு" என்பாள் ஹெப்சிபா. முதலாளி கேட்கவே மாட்டார். தானே எப்போதோ வரச் சொல்லிவிட்டு மறந்துபோனோமோ என்று அவருக்குப் பயம். ஒரே நன்மை, எனக்கு அவசரமாகக் கையெழுத்து வேண்டியிருந்தபோதெல்லாம் அந்த நேரத்தில் முதலாளி தனியாகக் கிடைத்தார். என் ராசி அப்படி என்று நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

ஆறாவது மாதத்தின் கடைசி நாள். அவளை அனுப்பச் சொல்லி எழுத உட்கார்ந்தேன். எழுதக் காரணம் வேண்டுமே? டைரியை எடுத்து, கெங்கம்மா பெயருக்கு எதிரே இருந்த நம்பரை என் செல்போனில் அடித்தேன். நாலு அடி தள்ளி, ஹெப்சிபாவின் கைப்பைக்குள் மணி அடித்தது. எடுத்துப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"இன்னாம்மா, கெங்கம்மா உன் பையிலயா குந்திகினு கீறா?" என்றேன்.

அவள் வாய் திறப்பதற்குள் டைரியோடு முதலாளி அறைக்குள் நுழைந்துவிட்டேன். மணி மூன்றரை தாண்டியிருந்தது. அவளும் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"முதலாளி, இந்தப் பொண்ணு ஆறு மாசமா உங்க காதுல பூ சுத்திகினு கீது. கெங்கம்மான்னு ஒரு ஆளே கெடையாது."

முதலாளி முகத்தில் முதலில் வந்தது கோபமில்லை, நிம்மதி. "அப்போ நான் யாரையும் மறக்கலையா?" என்றார். பிறகுதான் முகம் இறுகியது. "என்னம்மா இது? என்கிட்டயே பொய்யா?"

"தப்புதான் சார்," என்றாள். "மொத வாரம் அந்த அரை மணியைச் சும்மா விட்டு வெச்சேன். நீங்க மூணு பேருக்குக் குடுத்துட்டீங்க. ஒரு பேரைப் போட்டா தொட மாட்டேங்கறீங்க."

"அந்த அரை மணி எதுக்கு?"

"தெனம் ஏதாவது ஒண்ணு திடீர்னு வருது சார். கண்டெய்னர் ஹார்பர் கேட்ல நிக்கும், பேப்பர் தப்பா இருக்கும், உங்க கையெழுத்து இல்லாம உள்ள விட மாட்டாங்க. அதுக்கு ஒரு எடம் வேணும் சார்."

"தெனமுமா? யாரால வருது?"

டைரி என் கையில் விரிந்திருந்தது. கெங்கம்மா பெயருக்குக் கீழே பென்சிலில் பொடி எழுத்து இருப்பதை அப்போதுதான் கவனித்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். 'குணசேகரன் சார், கண்டெய்னர் சீல் நம்பர் தப்பு.' மறுநாள், 'குணசேகரன் சார், எடையை மாற்றி எழுதியது.' அடுத்த பக்கம், 'குணசேகரன் சார், கடிதம் அனுப்ப மறந்தது.' புரட்டிக்கொண்டே போனேன். இரண்டு இடத்தில் மழை, ஓர் இடத்தில் லாரி ஸ்டிரைக். மற்றதெல்லாம் நான்.

என் ராசி என்று பீற்றிக்கொண்டது இதைத்தான். ஒவ்வொரு முறை நான் தலைதெறிக்க ஓடி வந்தபோதும், "மூணரைக்குப் போங்க சார், கெங்கம்மா வரல" என்று சொல்லி அனுப்பியது இவள்தான்.

"கேக்கறேன்ல? யாரால?" என்றார் முதலாளி மறுபடியும்.

நான் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டேன் என்பது அவளுக்குத் தெரிந்தது. என் பெயரை ஒரு தடவை சொன்னால் போதும், அவள் பிழைத்துக்கொள்வாள். "ஹார்பர் வேலைல யாரைன்னு சொல்றது சார்? எங்கேருந்தாவது வரும்," என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்ன இருந்தாலும் பொய் பொய்தான்," என்று முதலாளி என் பக்கம் திரும்பினார். "குணா, நீதானே எழுதித் தரணும்? சொல்லு. வெச்சுக்கலாமா, வேணாமா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. என் மகள் வயதுப் பெண், தன் சோற்றைப் பணயம் வைத்து என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு நிற்கிறாள்.

"முதலாளி, அந்தத் திடீர்னு வர்றது நான்தான்," என்று டைரியை அவர் முன்னால் வைத்தேன்.

அவர் நிதானமாகப் படித்தார். நடுவில் ஒரு தடவை என்னை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு அவளிடம், "ஏம்மா, இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே?" என்றார்.

"சார் பண்ணதெல்லாம் அன்னன்னிக்கே சரியாயிடுச்சு சார். அப்புறம் சொல்றதுக்கு என்ன இருக்கு?"

முதலாளி டைரியை மூடி அவள் பக்கம் தள்ளினார். நான் முந்திக்கொண்டேன். "இவள அனுப்பினா நான் ஒரு மாசம் தாக்குப் பிடிக்க மாட்டேன் முதலாளி. நிரந்தரம்னு எழுதிகினு வர்றேன், கையெழுத்து போடுங்க."

"சீக்கிரம் எழுதிட்டு வா," என்றார் அவர். "தேதியாவது சரியாப் போடு."

ஹெப்சிபா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு டைரியை எடுத்தாள். மணியைப் பார்த்தாள். நாலாக ஐந்து நிமிஷம். பென்சிலைத் தேடி எடுத்துக்கொண்டு, அன்றைய பக்கத்தைத் திறந்தாள்.

"சார், இன்னிக்கு அரை மணி எதுக்குப் போச்சுன்னு எழுதறது?"

"இன்னா கேள்வி இது?" என்றேன். "இன்னிக்கும் எம் பேரையே எழுதிக்கோம்மா."