இடப்பக்க நாற்காலி

நீச்சல் குளத்துக்குப் போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து என் மனைவிக்குச் சோறு இறங்கவில்லை.

நான் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு லிஃப்ட் என் இடது காலை முழங்காலுக்குக் கீழே வாங்கிக்கொண்டது. செயற்கைக் காலை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறேன், கடைக்குப் போகிறேன். "அதான் நடக்குறீங்களே, இன்னும் என்ன வேணும்?" என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நடப்பது பிழைப்புக்கு. நீந்துவதுதான் எனக்குச் சந்தோஷம். காலோடு சேர்த்து அதையும் எடுத்துவிடுங்கள் என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவில்லையே!

ஆனால் அவள் பயத்தில் நியாயம் இருந்தது. இல்லாத அந்தக் கால் எனக்கு இன்னும் இருக்கிறது. விரல் அரிக்கும், குதிகால் குளிரும். காலையில் கட்டிலை விட்டு எழும்போது நினைப்பில்லாமல் அதைத்தான் முதலில் ஊன்றுவேன். அப்படி இரண்டு முறை விழுந்து, வெட்டிய முனை பிளந்துவிட்டது. இரண்டாம் முறை தையல் போட்ட டாக்டர் கறாராகச் சொன்னார்: "இன்னொரு தடவை பிளந்தா முட்டிக்கு மேல எடுக்கணும். முட்டி போயிட்டா இந்த நடையும் கிடையாது."

அன்றிலிருந்து தினமும் படுக்கும் முன் கட்டிலின் இடப்பக்கம் ஒரு மர நாற்காலியை ஒட்டிப் போட்டுவிடுவாள். எழும்போது அதில் இடித்துக்கொண்டால் எனக்குப் புத்தி வரும். ஒரு வருஷமாக நான் விழவில்லை.

"குளத்துல எங்க நாற்காலி போடுறது?" என்றாள்.

"மேல ஏறினதும் உட்கார்ந்துடுவேன். போதுமா?"

"பட்ட கால்லயே படும்னு சொல்வாங்க."

"பட்ட காலைத்தான் வெட்டியாச்சே! இனிமே படுறதுக்கு என்ன இருக்கு?" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஞாயிறு காலை குளத்தில் கூட்டம் இல்லை. டைல்ஸ் தரை முழுக்க ஈரம். விளிம்பில் உட்கார்ந்து செயற்கைக் காலைக் கழற்றி அவளிடம் கொடுத்தேன். அவள் அதைத் துண்டில் சுற்றி இடுக்கிக்கொண்டு லைஃப்கார்டிடம் போய் ஏதோ கேட்டாள். அவர் தலையை ஆட்டி மறுத்தார். என்னைக் கண்காணிக்கச் சொல்கிறாளாக்கும் என்று எரிச்சலோடு தண்ணீரில் இறங்கினேன்.

இறங்கியதும் பழைய நீச்சல் கைகொடுக்கவில்லை. ஒற்றைக் காலால் உதைத்தால் உடம்பு கோணிக்கொண்டு, பாதை பிரிக்கக் கட்டிய கயிற்றில் போய் முட்டியது. ஆழமான பக்கத்தில் அடித்தரை எங்கோ கீழே கிடந்தது. வாயில் தண்ணீர் ஏறியது. திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். கை வீச்சை மாற்றிப் போட்டதும் உடம்பு நேராயிற்று. ஒரு சுற்று, இரண்டு சுற்று, நான்கு சுற்று. அப்போது என் இடது பாதத்தின் மேல் தண்ணீர் ஓடியது. சத்தியமாக ஓடியது! விரல்களை விரித்து உதைத்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்தச் சந்தோஷம்தான் என்னைக் கவிழ்த்தது. ஆழமான பக்கத்து ஏணியில் கைகளால் எம்பி ஏறினேன். உட்கார வேண்டும் என்பது மறந்தே போயிற்று. வலது காலை மேல் படியில் வைத்துக்கொண்டு, இடது காலை டைல்ஸில் ஊன்றினேன்.

அங்கே கால் இல்லை.

குளத்தின் விளிம்பு, வெட்டிய முனைக்கு நேராக மேலே வந்தது. போச்சு, முட்டி போச்சு என்று மட்டும் தோன்றியது. அதற்குள் ஏணிப் பக்கத்திலிருந்து அவள் குறுக்கே பாய்ந்தாள். அவ்வளவு பத்திரமாக வைத்திருந்த செயற்கைக் காலைத் தூக்கி எறிந்துவிட்டு என்னை நெஞ்சோடு வாங்கினாள். கனம் தாங்காமல் இருவரும் தண்ணீருக்குள் விழுந்தோம்.

அவளுக்கு நீச்சல் தெரியாது. என் கழுத்தைக் கட்டிக்கொண்டு என்னையும் கீழே இழுத்தாள். காதுக்குள் இரைச்சல். இருந்த காலால் வெறி பிடித்தவன் மாதிரி உதைத்தேன். தலை மேலே வந்தபோது லைஃப்கார்டு நீட்டிய கம்பு கையில் சிக்கியது.

கரையில் அவள் தண்ணீரைக் கக்கினாள். பேச்சு வந்ததும், "முட்டி... முட்டியப் பாருங்க," என்றாள்.

பார்த்தேன். முனையில் ஒரு கீறல் இல்லை. ஆனால் டைல்ஸில் ரத்தம் இருந்தது. விளிம்பில் இடித்து அவள் முழங்கை பிளந்திருந்தது.

"நீச்சல் தெரியாதவ ஏணிகிட்ட வந்து எதுக்குடி நின்ன?" என்று கத்தினேன்.

"இங்க நாற்காலி போடக் கூடாதுன்னு லைஃப்கார்டு சொல்லிட்டார். அதான் நானே நின்னுக்கிட்டேன்," என்றாள்.

அவள் கையை எடுத்து இறுகப் பிடித்துக்கொண்டேன். அவள் விடச் சொல்லியும் என்னால் விட முடியவில்லை.