தொண்ணூறு சதவீதம்

அறையில் இருந்தவர்கள்: பல் டாக்டரம்மா, வேலையை ஏற்று நடத்தும் மேனேஜர், குழாய்க்காரர், டைல்ஸ் மேஸ்திரி, பிறகு சைட்டைப் பார்த்துக்கொள்ளும் அவள். மேனேஜர் அவளுக்குத் தாய்மாமன். வேலை வாங்கிக் கொடுத்தவர். அதை வாய்க்கு வாய் சொல்லிக் காட்டுகிறவரும் அவரே.

ஆட்கள் அவருக்கு வைத்த பெயர் 'தொண்ணூறு'. எந்த வேலையைக் கேட்டாலும் தொண்ணூறு சதவீதம் முடிந்தது என்பார். மிச்சப் பத்தில்தான் எல்லாம் செத்துக் கிடக்கும்.

புது கிளினிக்கின் தரை கண்ணாடி மாதிரி மின்னியது. கீழ்வீட்டுக் கூரையில் தண்ணீர் சொட்டியது. குழாயில் தண்ணீரை அழுத்தி விட்டு, ஒழுகவில்லை என்று பார்த்த பிறகுதான் தரையை மூட வேண்டும். எந்த வேலை முடிந்து எது தொடங்கும் என்று அவள் வரைந்த படம் சுவரிலேயே இருந்தது. டாக்டர் பார்க்க வருகிறார் என்றதும் மாமா டைல்ஸ் வேலையை முன்னால் இழுத்தார். தரை மின்னினால் வேலை முடிந்த மாதிரி தெரியுமாம். வேண்டாம் என்றாள். முளைத்து மூணு இலை விடவில்லை, எனக்கே பாடமா என்றார்.

இப்போது டாக்டர் கேட்டது ஒன்றுதான்: வரிசையை மாற்றியது யார்?

"சின்னப் பொண்ணு, அவசரப்பட்டுட்டா," என்றார் மாமா. "நான் கண்டிக்கிறேன்."

அவளுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. குழாய்க்காரர் தன் செருப்பைப் பார்த்தார். இன்று வாயை மூடினால் இந்த ஒழுகல் ஆயுசுக்கும் அவள் பெயரில்தான்.

"மாத்தினது நீங்க, மாமா."

"உங்கம்மாகிட்ட பேசிக்கிறேன்."

"பேசுங்க. அம்மா சொன்னா குழாய் ஒழுகாதுல்ல."

மேஸ்திரி சிரிப்பை இருமலாக்கினார். டாக்டர் சிரிக்கவில்லை. அன்னிக்கு நான் வந்தப்போ நீயும் ஊமையாத்தானே நின்னே என்று அவளையும் ஒரு வாங்கு வாங்கினார். தரையை உடைத்தாக வேண்டும், திறப்பு விழா தள்ளிப்போகும் என்று மட்டும் சொன்னாள். டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு தலையசைத்தார்.

நான் இல்லாமல் இங்கே ஒரு டைல்ஸ் அசையாது என்று மாமா வாசலைத் தாண்டினார். யாராவது கூப்பிடுவார்கள் என்று நடையை மெதுவாக்கினார். யாரும் கூப்பிடவில்லை.

"உடைங்கண்ணே," என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு, மாமாவின் முதுகுக்குப் பின்னால் கதவைச் சாத்தி, சாவியைத் திருகினாள்.