கொல்லை வழியாகக் கொடுத்த தாயத்து

கமலவல்லியின் தம்பி பஞ்சநதம் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தான். லீவில் வந்தபோது அக்காள் மகனுக்காக ஜப்பானிலிருந்து ஒரு தாயத்து கொண்டுவந்தான். நம்மூர்த் தகடு போல இல்லை அது. கட்டைவிரல் அகலத்தில் சிவப்புப் பட்டுப் பை, மேலே ஜரிகையில் ஏதோ எழுத்து, தொங்கவிட வெள்ளைக் கயிறு.

“கோபேன்னு ஒரு துறைமுகம்க்கா. அங்க ஒரு கோயில். பரீட்சை வந்துட்டா பள்ளிக்கூடப் பிள்ளைங்க தேர்க்கூட்டம் மாதிரி நெரியுதுங்க. சாமி யாருன்னா, ஒரு பெரிய படிப்பாளி. எவனோ பொய்ப் பழி சொல்லி, ஊரை விட்டே துரத்தி, ஏங்கியே செத்தாராம். அப்புறம் அவரையே சாமியாக்கிட்டாங்க. பையை மட்டும் பிரிக்கக் கூடாது.”

மகன் செல்லத்துரை அதை விரலில் சுற்றிப் பார்த்தான். “ஜப்பான் சாமிக்குத் தமிழ் இலக்கணம் தெரியுமா மாமா? தெரிஞ்சா அவரையே பரீட்சைக்கு அனுப்பு. நான் தூங்குறேன்.”

எஸ்.எஸ்.எல்.சி.யில் அவனுக்கு அது இரண்டாவது தடவை. தாயத்து மாடத்திலேயே கிடந்தது.

அறுபத்தேழில் ஆட்சி மாறி இரண்டு வருஷம் ஆகியும் திருவாரூர்ப் பக்கத்து வயல்களில் கூலிச் சண்டை ஓயவில்லை. உளுந்து முற்றி நின்றது; பறிக்க ஆள் வரவில்லை. கமலவல்லியின் புருஷன் வைரக்கண்ணு பழைய கூலிக்கு மேல் தர முடியாது என்றார். அவர் பண்ணையில் வேலை செய்த மாரியப்பன் செங்கொடி பிடித்து ஜெயிலுக்குப் போனான். அவன் இருந்த தெருவோடு பேச்சுவார்த்தையே கூடாது என்று வைரக்கண்ணு வீட்டில் உத்தரவு போட்டிருந்தார். ஊர்ச் சாவடியில் போலீஸ் முகாம் இருந்தது.

மாரியப்பனின் மகள் மலர்கொடி அந்தத் தெருவில் எஸ்.எஸ்.எல்.சி. வரை வந்த முதல் பிள்ளை. ஒரு மத்தியானம் அவள் கொல்லை வேலியோரம் வந்து நின்றாள்.

“அம்மா, அண்ணனோட போன வருசக் கேள்வித்தாள் இருந்தாத் தர்றீங்களா? பாத்துட்டுக் குடுத்துடுறேன்.”

கமலவல்லி கேள்வித்தாளைக் கொடுத்தாள். பெண்ணின் ஒட்டிய முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்த் தாயத்தையும் எடுத்து வந்தாள்.

“பிரிக்காம கழுத்துல போட்டுக்க. நான் குடுத்தேன்னு யார்கிட்டயும் மூச்சு விடாத. அய்யாவுக்குத் தெரிஞ்சா என்னைத் தொலைச்சுடுவார்.”

“சாமி சத்தியமா சொல்ல மாட்டேம்மா.”

முதல் பரீட்சையன்று காலையில் மகனைக் காரில் ஏற்றிக்கொண்டு போன வைரக்கண்ணு, கொஞ்ச நேரத்திலேயே தனியாக நடந்து திரும்பிவந்தார். முகத்தில் அப்படி ஒரு களை.

“கமலா, காப்பி கொண்டா. சாவடிகிட்ட நம்ம பய கைநீட்டிக் காட்டுறான். மாரியப்பன் மவ கழுத்துல உன் தம்பி கொண்டாந்த தாயத்து! புடிச்சு உக்கார வச்சாச்சு. யார் குடுத்தான்னு கேட்டா வாயே தொறக்க மாட்டேங்குறா. திருடி! பழைய கூலிக்கு ஆளக் கூட்டிட்டு வா, புகாரைத் திருப்பிக்கிறேன்னு அவ ஆத்தாகிட்ட சொல்லிட்டேன்.”

“அவளுக்குப் பரீட்சைங்க.”

“நம்ம பய டிரைவரோட காருலேயே போயிட்டான். நீ கவலைப்படாத.”

கமலவல்லி அடுப்படிக்குப் போனாள். பால் பொங்கி வழிந்தது, இறக்கத் தோன்றவில்லை. நான்தான் கொடுத்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இருபது வருஷமாக அந்த மனுஷரிடம் அவள் எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. காப்பியைக் கொடுத்தாள். அவர் குடித்து முடித்து, வெற்றிலை போட்டு, குளிக்கப் போகிற வரைக்கும் தூணைப் பிடித்துக்கொண்டே நின்றாள். அந்த நேரம் அந்தப் பெண்ணுடையது என்பது பிறகுதான் அவளுக்கு உறைத்தது. நல்ல மனசு இருந்தும் கால் எழும்பாமல் நிற்கிற நேரத்தைக் கடவுள் தவிர யாரால் மன்னிக்க முடியும்?

பிறகு செருப்புக்கூடப் போடாமல் சாவடிக்கு ஓடினாள். மலர்கொடி ஹால் டிக்கெட்டை மடியில் வைத்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தன. வெளியே அவள் அம்மா எல்லையம்மாள், அழுது ஓய்ந்த முகம்.

“ஏட்டய்யா, அது நான் குடுத்தது. அவ திருடலை.”

ஏட்டு நாற்காலியை விட்டு எழுந்தார். “அய்யா அப்படிச் சொல்லலீங்களேம்மா.”

“அவருக்குத் தெரியாது. எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடுறேன். அவளை விடுங்க, மணியாவுது.”

ஏட்டு பெண்ணைப் பார்த்தார். “இதைச் சொல்லித் தொலைக்கறதுக்கென்ன புள்ள? அடி வாங்கியிருக்க வேணாமே!”

“சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்.”

ஏட்டு தன் சைக்கிளை எடுத்து, “ஏறும்மா” என்றார். பருத்த மனுஷர், வெயிலில் மிதித்துக்கொண்டு போனார்.

எல்லையம்மாள் மேஜை மேலிருந்த தாயத்தை எடுத்துக் கமலவல்லியின் கையில் வைத்தாள்.

“நீங்க நல்லவங்கதாம்மா. ஆனா இதை வாசல்ல வச்சு, நாலு பேரு பாக்கக் குடுத்திருந்தா எம் பொண்ணு திருடியாயிருக்க மாட்டா. எங்களுக்குக் குடுக்குறதெல்லாம் கொல்லை வழியாத்தானே குடுக்குறீங்க.”

கமலவல்லி தாயத்தோடு சாவடியிலேயே காத்திருந்தாள்.

உச்சிவெயிலில் ஏட்டு பெண்ணோடு திரும்பிவந்தார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. “அரை மணிக்கு மேல ஆயிட்டா உள்ள விடக் கூடாதாம். கெஞ்சிப் பாத்தேன்மா” என்று அவர் எல்லையம்மாளிடம்தான் சொன்னார். தமிழ்த் தாள் போய்விட்டது. ஒரு தாள் போனால் அந்த வருஷமே போனது.

வீட்டில் வைரக்கண்ணு அடிக்கவில்லை, திட்டவில்லை. “நீ மாரியப்பன் கட்சி போல” என்றதோடு சரி. அன்று முழுக்க அவளிடம் யாரும் பேசவில்லை. செல்லத்துரை மட்டும் கூடத்தைக் கடக்கும்போது தலையைக் குனிந்துகொண்டான்.

மறுநாள் இங்கிலீஷ். காலையில் கமலவல்லி மாரியப்பன் குடிசை முன்னால் போய் நின்றாள். அந்தத் தெருவுக்குள் அவள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

“மலர்கொடி, கெளம்பு.”

எல்லையம்மாள் வெளியே வந்தாள். “எதுக்கும்மா? அதான் போச்சே. உங்களுக்கும் எதுக்கு வம்பு?”

“செப்டம்பர்ல மறுபடி எழுதணும்ல? இப்ப பயந்து உக்காந்துட்டா அப்புறம் போகவே மாட்டா. நான் கூட வரேன்.”

மலர்கொடி அம்மாவைப் பார்த்தாள். பிறகு தலையை வாரிக்கொண்டு வந்தாள்.

இருவரும் சாவடியைத் தாண்டி நடந்தார்கள். டீக்கடையில் பேச்சு நின்றது. வைரக்கண்ணுவின் கார் பின்னாலிருந்து வந்து, புழுதி கிளப்பி, நிற்காமல் போயிற்று. மலர்கொடி இருமினாள். கமலவல்லி முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

பஸ் வந்தது. காலியாக இருந்த இருக்கையில் பெண்ணை ஜன்னலோரமாக உட்காரவைத்து, ஊரார் பார்க்கப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சாயங்காலம் திரும்பி எந்த வீட்டுக்குப் போவது என்பது அவளுக்குத் தெரியாது.

“படிச்சதை ஒரு தரம் சொல்லு” என்றாள். “எனக்குப் புரியாது. ஆனா கேக்குறேன்.”