வண்டிக் கதவில் ஒரு பெயர்

அன்று காலை கன்றுகளை இன்னும் பட்டியிலிருந்து அவிழ்த்துவிடவில்லை. முந்தின நாள் பொழுது சாயும்போது சிலாந்தோய்க்குப் பிடித்த வலி அப்போதும் விடவில்லை. பேறு பார்க்கும் நைமுட்டியே குடிலிலிருந்து குனிந்து வெளியே வந்தாள். கையைத் துடைத்துக்கொண்டே, பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்றாள். தன் கையால் ஆகாது, கஜியாடோ ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்றாள்.

"வண்டியக் கூப்பிடு."

எந்த வண்டி என்று சொல்லவில்லை. நசியேகுவின் முற்றத்தில் நின்றுகொண்டு யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள்.

நசியேகு போனை எடுத்தாள். மருமகள் சிலாந்தோயின் முனகல் வெளியே கேட்டது. அதற்கு மேலே, மலை முகட்டிலிருந்து, காற்றாலைகளின் இரைச்சல். காற்று நம்முடையது, கரண்ட் நைரோபிக்காரனுடையது, சத்தம் மட்டும் மறுபடி நம்முடையது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. தொடக்கத்தில் அதற்குச் சிரித்தார்கள்.

காற்றாலைக் கம்பெனி வந்தபோது ஊருக்கும் பங்கு உண்டு என்றது. பங்கை எதற்குச் செலவழிப்பது என்று முடிவுசெய்ய ஒரு குழு போட்டார்கள். ஓலே கிசெமேய் தலைவர். குழு ஒரு ஆம்புலன்ஸ் கேட்டது. நியாயமாகத்தான் கேட்டது. நசியேகுவும் கையைத் தூக்கினாள்.

பிறகு அவள் மகன் செத்தான். கம்பெனி லாரியில் கூலியாளாகச் சரளை ஏற்றிக்கொண்டு முகட்டுக்குப் போகும் பாதையில். பிரேக் பிடிக்கவில்லை என்று லாரி டிரைவர் முன்பே சொல்லியிருந்தான். இருந்தும் யாரோ எடுக்கச் சொன்னார்கள். யார் என்று நசியேகு கேட்டாள். சரிவு அதிகம் என்று பதில் வந்தது. மறுபடி கேட்டாள். விசாரிக்கிறோம் என்றார்கள். இன்னொரு முறை கேட்கக் கிளம்பிய நாளில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. வெள்ளை வண்டி. இரண்டு பக்கக் கதவிலும் பச்சை எழுத்தில் அவள் மகன் பெயர்.

மேனேஜர் மைக்கைப் பிடித்து அந்தப் பெயரை உரக்கச் சொன்னார். கைதட்டச் சொன்னார். மறுபடியும் சொன்னார். கூட்டத்தில் பாதிப் பேர் காதைப் பொத்திக்கொண்டார்கள். காற்றின் இரைச்சல் தாங்காமல் பொத்துகிறார்கள் என்று அவர் நினைத்திருக்கலாம்.

செத்தவன் பெயரை வீட்டார் காதுபட யாரும் சொல்வதில்லை. அதே பெயர்க்காரன் இன்னொருவன் இருந்தால், அந்த வீட்டு வாசலில் அவன் வேறு பெயருக்குத்தான் திரும்பிப் பார்ப்பான். நசியேகுவை முன்பெல்லாம் இன்னாரின் அம்மா என்றே அழைப்பார்கள். இப்போது பிறந்த வீட்டுப் பெயர் திரும்பி வந்திருந்தது. மகனுடைய பெயர் ஒரு புல்லின் பெயர். அவன் போனதிலிருந்து அக்கம்பக்கத்தார் அந்தப் புல்லை ஆட்டுப்புல் என்கிறார்கள். ஆடு வாய் வைக்காத புல் அது. ஆனாலும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

சந்தையில் கடை வைத்திருப்பவர்கள் வெளியூர்க்காரர்கள். கதவில் என்ன எழுதியிருந்ததோ அதையே வண்டிக்குப் பெயராக்கிவிட்டார்கள். அவன் பஞ்சராகிக் கிடக்கிறான் என்றார்கள். அவன் டீசல் குடிப்பதில் பெரிய ஆள் என்றார்கள். ஒரு நாள் அவன் ஓடையில் கவிழப் பார்த்தான் என்று ஒருவன் சொல்ல, கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நசியேகு உப்பு வாங்காமல் திரும்பினாள். அதற்குப் பிறகு சந்தைக்கே போகவில்லை.

கிசெமேயிடம் போய்ச் சொன்னாள். அவருக்குத் தெரியாததல்ல. அவள் மகனுக்குச் சுன்னத்து நடந்தபோது கிடாரி கொடுத்தவர் அவர். மாடு கொடுத்தவரும் வாங்கியவரும் ஒருவரையொருவர் பாகிடெங் என்றுதான் அழைக்க வேண்டும். அதனால் அவன் உயிரோடு இருந்தபோதுகூட கிசெமேய் அவன் பெயரைச் சொன்னதில்லை. அந்த வாய்தான், கதவில் பெயரை எழுதக் கம்பெனிக்குச் சரி என்று சொல்லியிருந்தது. மரியாதைதானே செய்கிறார்கள் என்றார். வண்டி வேண்டுமென்றால் கொஞ்சம் பொறுத்துப்போக வேண்டும் என்றார்.

அவள் பொறுத்தாள். அந்தக் காலை வரைக்கும்.

வண்டி முள்வேலிக்கு வெளியே வந்து நின்றது. டிரைவர் கியோகோ கம்பா இனத்துக்காரன், வெளியூர். நல்லவன், வாய் ஓயாதவன். இரண்டு பெண்கள் சிலாந்தோயைக் கைத்தாங்கலாக அழைத்துவந்தார்கள். புருஷன் செத்ததற்காகச் சிரைத்த தலை வெயிலில் மின்னியது. அவள் ஏழாவது வரை படித்தவள். கதவருகே வந்ததும் நின்றாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அத்தே, நான் இதுல ஏற மாட்டேன்."

"மெத்தையெல்லாம் நல்லா இருக்கு தங்கச்சி," என்றான் கியோகோ. "ரோடுதான் மோசம். அத நான் போடல."



"அவர் பேரத் தாண்டிப் போய்ப் புள்ள பெத்துக்க மாட்டேன். இங்கயே செத்தாலும் சரி."

நைமுட்டியே அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "குறுக்க கெடக்குற புள்ளைக்குப் பேரும் தெரியாது, ஊரும் தெரியாது. ஏறுடி."

சிலாந்தோய் அசையவில்லை. அவளுக்கு அடுத்த வலி வந்தது. மண்ணைப் பிடித்துக்கொண்டாள்.

நசியேகுவுக்கு மருமகள் மேல் கோபம் வரவில்லை. கோபத்துக்கு வேறு இடம் இருந்தது. அவள் பட்டிக்குள் போனாள். காலையில் மாடுகள் போட்ட சாணி சூடு ஆறாமல் கிடந்தது. இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு வந்து கதவில் அப்பினாள்.

அந்தக் குடிலின் சுவர் அவள் கட்டியது, அவள் பூசியது. அதே கைதான். மேலிருந்து கீழே இழுத்தாள். உள்ளங்கையால் அழுத்தினாள். ஒரு மூலையில் பச்சை எட்டிப் பார்த்தது. அதையும் கட்டைவிரலால் மூடினாள்.

"அம்மா, இது கம்பெனி வண்டி. என் வேல போயிரும்."

"நான் பூசுனேன்னு சொல்லு."

"போட்டோ கேப்பாங்க."

"எடு. என் மூஞ்சியும் விழுற மாதிரி எடு."

அவன் எடுக்கவில்லை. ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்து கட்டிலை இழுத்தான். மறுபக்கக் கதவை யாரும் சொல்லாமலே நைமுட்டியே பூசிக்கொண்டிருந்தாள். சிலாந்தோய் தானே எழுந்தாள். ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

அவர்கள் வீடு திரும்பிய பிறகு கிசெமேய் வந்தார். அதே வண்டியில் வந்தார். சர்க்கரையும் தேயிலையும் கொண்டுவந்திருந்தார். நசியேகு வாங்கி வைத்தாள். அடுப்பில் தண்ணீர் வைக்கவில்லை. கதவில் சாணி காய்ந்து, ஒரு விரிசல்கூட விடாமல் ஒட்டியிருந்தது. நல்ல கை என்று வேலியோரம் நின்ற பெண்களில் ஒருத்தி முணுமுணுத்தாள்.

கிசெமேய் முக்காலியில் உட்கார்ந்தார். நேராகப் பேச்சுக்கு வரவில்லை. மழையைப் பற்றிச் சொன்னார். மேற்குச் சரிவில் ஆட்டுப்புல் நன்றாக வந்திருக்கிறது, மாட்டை அங்கே விடச் சொல் என்றார். பிறகு விஷயத்துக்கு வந்தார். பங்குப் பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்க்க வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். வண்டியோடு நின்று படம் எடுப்பார்கள். கதவு இப்படி இருந்தால் கம்பெனிக்கு அவமானம். வண்டியை மலைக்கு அந்தப் பக்கத்து ஊருக்குக் கொடுத்துவிடுவோம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

"பூசுன கையாலயே கழுவிரு. நாலு பேர் பாக்கக் கழுவு. அதோட முடிஞ்சுது. இல்லேன்னா வண்டி போயிரும். அப்புறம் குறுக்க கெடக்குற ஒவ்வொரு புள்ளையும் உன் தலையிலதான்."

 வேலியோரப் பெண்களில் வாயும் வயிறுமாக இருந்த ஒருத்தி நசியேகுவைப் பார்த்தாள், பிறகு வண்டியைப் பார்த்தாள். கிசெமேய் சொன்னது வெறும் மிரட்டல் இல்லை என்று நசியேகுவுக்குத் தெரியும். வண்டி போனால் யாருக்கு நஷ்டம் என்றும் தெரியும். கம்பெனிக்காரர்கள் கணக்காய்த்தான் செய்திருந்தார்கள். வேண்டியதைக் கொடுத்து, அதன் மேலேயே பூட்டையும் போட்டிருந்தார்கள்.

உள்ளே குழந்தை அழுதது. சிலாந்தோய் அதைச் சமாதானப்படுத்தும் குரல் கேட்டது.

நசியேகு எழுந்து போய் வாளியில் தண்ணீர் கொண்டுவந்தாள். வண்டியருகே வைத்தாள். கிசெமேயின் முகம் தெளிந்தது. நல்லது, புத்திசாலி என்றார்.

அவள் தண்ணீரில் கையை நனைத்தாள். கதவில் வைக்கவில்லை.

"கழுவுறேன். கழுவுனதும் நீங்க அதப் படிக்கணும். சத்தமா. இந்த முத்தத்துல நின்னு."

"எதுக்கு? என்ன எழுதியிருக்குன்னு உனக்குத்தான் தெரியுமே."

"எனக்குப் படிக்கத் தெரியாது. நீங்க படிச்சவரு. மேனேஜர் எத்தன தடவ சொன்னாரு. நீங்க ஒரு தடவ சொல்லுங்க, போதும்."

கிசெமேய் கதவைப் பார்த்தார். வாயைத் திறந்தார். காற்று அவர் போர்வையை இழுத்தது. அதைச் சரிசெய்வதில் கொஞ்ச நேரம் போனது. வாய் மூடிக்கொண்டது.

"வராது," என்றாள் நசியேகு. "புல்லுக்கே வேற பேரு சொல்லிட்டுத்தான இங்க ஒக்காந்திருக்கீங்க."

அவர் முக்காலியிலிருந்து எழுந்தார். தடியைத் தேடினார். தடி அவர் கையில்தான் இருந்தது.

"நசியேகு, இது என் ஒருத்தன் முடிவு இல்ல."

"சரி. கதவு சும்மா இருக்க வேணாம். ஒரு பேரு எழுதுங்க. பிரேக் இல்லாத லாரிய எடுன்னு சொன்னானே, அவன் பேரு. அதத் தெனமும் நானே தொடச்சு வைக்கிறேன். சொல்லுங்க, அவன் பேரு என்ன?"