வெந்தயம் ஒரு கப்

என் ஓரகத்திக்குப் பால் பொங்கினால் அடுப்பை அணைக்கத் தெரியும். அதற்கு மேல் சமையலில் அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவளுடைய சமையல் பக்கத்தை ஒரு லட்சம் பேர் பின்தொடர்ந்ததற்குத்தான் அன்றைக்கு விருந்து, அதற்குத்தான் புத்தகம், அந்தப் புத்தகத்துக்குத்தான் நான் மெய்ப்புப் பார்த்தேன். நேரில் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எழுதும்போது எதற்கு மரியாதை?

ஒரே வீடு. அவர்கள் மாடியில், நாங்கள் கீழே. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மத்தியானம் இறங்கி வந்து என் சமையல்மேடையில் சாய்ந்து நின்றுகொண்டு சொன்னாள்.

"நீ நல்லா சமைக்கற, நல்லா எழுதற. நான் நல்லா படம் எடுப்பேன். ஒரு பக்கம் ஆரம்பிக்கலாமா? ரெண்டு பேரு பேரும் இருக்கும்."

எனக்கும் ஆசைதான், மறைக்கவில்லை. பக்கத்துக்கு 'ரெண்டு கரண்டி' என்று பேர் வைத்ததும் நான்தான். நான் சமைப்பேன். ஒரு கிண்ணம் மாடிக்குப் போகும். ஜன்னலோரம் துணி விரித்து, அதன்மேல் கிண்ணத்தை வைத்து, பக்கத்தில் எதற்கென்றே தெரியாமல் இரண்டு காய்ந்த மிளகாயைப் போட்டுப் படம் எடுப்பாள். செய்முறையை நான் வேலைக்குப் போகும் பஸ்ஸில் நின்றபடி போனில் தட்டி வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். ஆயிரம் பேர் சேர்ந்தபோது கேரட் அல்வா கிளறி, அதன்மேல் முந்திரியால் 1000 என்று எழுதினேன். தட்டைப் பிடித்துக்கொண்டு அவள் படத்தில் நின்றாள். எடுத்தது நான். அதனால் நான் படத்தில் இல்லை.

ஐயாயிரம் பேர் ஆனபோது பக்கத்தில் என் பெயரைக் காணோம். 'என் சமையல், என் கைப்பக்குவம்' என்று மட்டும் இருந்தது. அதென்ன ரெண்டு கரண்டி என்று யாரோ கேட்டதற்கு, "ஒண்ணு சாம்பாருக்கு, ஒண்ணு ரசத்துக்கு" என்று பதில் போட்டிருந்தாள். என்னைக் கறிவேப்பிலையாக எடுத்து ஓரமாக வைத்துவிட்டாள். படித்த அன்று வயிறு எரிந்தது என்று சொன்னால் அது குறைத்துச் சொல்வதுதான்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "வீட்டுக்குள்ள எதுக்கு வம்பு? நீதான் எழுதினேன்னு உனக்குத் தெரியும்ல?" என்றார். எனக்குத் தெரிந்தது எனக்கு எதற்கு?

செய்முறை அனுப்புவதை நிறுத்தினேன். ஒரு வாரம்தான். மாமியார் மாடியிலிருந்து மெதுவாக இறங்கி வந்தார்.

"பெரியவ முகம் வாடிக் கெடக்கா. நாலு வரி எழுதிக் குடுத்தா உன் கை தேஞ்சா போயிடும்? குடும்பத்துப் பேருதானே."

மறுபடி அனுப்ப ஆரம்பித்தேன். சண்டை போடவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. அந்த வாரம்தான் கோபம் எனக்குள்ளே வசதியாக இடம் பார்த்து உட்கார்ந்தது.

என் வேலை ஓர் அச்சகத்தில். மெய்ப்புத் திருத்துகிறவள். கல்யாணப் பத்திரிகையிலிருந்து கணக்குப் பாடப் புத்தகம்வரை அச்சுக்குப் போகுமுன் என் சிவப்புப் பேனாவைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒரு ஒற்று விட்டுப் போனால்கூட அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்ட நானே ஒரு நாள் பஸ்ஸில், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெந்தயக் குழம்பின் செய்முறையைத் தட்டினேன். 'வெந்' என்று ஆரம்பித்தால் போன் ஒன்றைக் காட்டும், 'வெங்' என்றால் இன்னொன்றைக் காட்டும். பஸ் குலுங்கியது. இறங்கிய பிறகுதான் பார்த்தேன். வெந்தயம் ஒரு கப், வெங்காயம் ஒரு டீஸ்பூன் என்று போயிருந்தது.

உடனே அடுத்த செய்தி அனுப்பினேன். 'அக்கா, மேல தலைகீழா வந்துருக்கு. வெங்காயம்தான் ஒரு கப். வெந்தயம் ஒரு டீஸ்பூன். மாத்திப் போடுங்க.'

மாற்றவில்லை. சமைக்கிற எவளும் அதைப் படித்த மாத்திரத்தில் சிரித்துவிடுவாள். ஒரு கப் வெந்தயம் போட்ட குழம்பை நாக்கில் வைக்க முடியாது. ஆனால் அவளுக்கு அது வெந்தயக் குழம்பு, அதில் வெந்தயம் நிறையத்தானே இருக்கும். நானூறு பேர் இதயம் அழுத்தியிருந்தார்கள். ஒரே ஒருத்தி மட்டும், 'வெந்தயம் ஒரு கப்பா?' என்று கேட்டிருந்தாள். அதற்கு என் ஓரகத்தி எழுதியிருந்த பதில்: 'ஆமாம்மா, அதுதான் எங்க வீட்டு ரகசியம்.'

அதற்குப் பிறகு அவளிடம் நான் சொல்லவே இல்லை. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

புத்தகம் எங்கள் அச்சகத்துக்கே வந்தது. "நீயே பாத்துடு, வீட்டு ஆளுன்னா நம்பிக் குடுக்கலாம்" என்றாள். அட்டையில் 'எழுதியவர்' என்று அவள் பெயர். உள்ளே நூறு செய்முறை, நூறும் என்னுடையது. 'வெல்லத்தைக் கொதிக்கிற பாலில் போட்டுவிட்டு என்னைத் திட்டாதீர்கள்' என்ற வரிகூட அப்படியே இருந்தது. ஐந்தாம் பக்கம் நன்றி. கணவருக்கு, மாமியாருக்கு, பிள்ளைகளுக்கு, படத்துக்கு ஒத்துழைத்த ஜன்னல் வெளிச்சத்துக்கு. கடைசி வரியில், 'பொறுமையாகப் பிழை பார்த்தவருக்கும்.' ஜன்னலுக்கு அப்புறம்தான் நான்.

அறுபத்து மூன்றாம் பக்கத்தில் வெந்தயக் குழம்பு. வெந்தயம் ஒரு கப்.

எங்கள் அச்சகத்தில் ஒரு விதி உண்டு. எழுதியவர் எழுதியதை நாங்களாக மாற்றக் கூடாது. சந்தேகம் இருந்தால் ஓரத்தில் கேள்விக்குறி போட்டு எழுதியவருக்கே அனுப்ப வேண்டும். போட்டேன். சின்னதாக இல்லை, ஒரு கரண்டி அளவுக்குப் போட்டேன். இரண்டே நாளில் தாள்கள் திரும்பி வந்தன. முதல் பக்கத்தின் தலையில் நீல மையில் 'எல்லாம் ஓகே. அப்படியே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். ஒரு தாள்கூடப் புரட்டப்படவில்லை. புரட்டியிருந்தால் என் கேள்விக்குறியைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. நான் அந்தக் கட்டைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டேன். அன்றைக்குச் சோறு நன்றாகவே இறங்கியது.

விருந்துக்கு நாள் குறித்ததும் மறுபடி இறங்கி வந்தாள்.

"முப்பது பேரு. நம்ம சமையல் பக்கத்துலேர்ந்து பத்து வாசகிங்களைக் கூப்பிட்டிருக்கேன், உங்க முதலாளியும் வர்றாரு. புத்தகத்துல இருக்கற பத்து ஐட்டம் போதும். நீ செஞ்சுடுவ இல்ல?"

"செஞ்சுடறேன்க்கா. எதெது?"

விரல் விட்டு எண்ணினாள். எலுமிச்சைச் சாதம், பனீர் குருமா, சப்பாத்தி, பருப்பு வடை, பாயசம். வெந்தயக் குழம்பை எட்டாவதாகச் சொன்னாள். என் முகம் மாறவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

"ஒண்ணு கவனம்" என்றாள். "உன் இஷ்டத்துக்கு எதையும் மாத்தாத. புத்தகத்துல உள்ளபடியே வரணும், ஒரு எழுத்து மாறக்கூடாது. வர்றவங்க புத்தகத்தைத் திறந்து வெச்சுட்டு சாப்பிடுவாங்க."

"ஒரு எழுத்துகூட மாத்தமாட்டேன்க்கா" என்றேன். அவளிடம் நான் கொடுத்த வாக்குகளிலேயே மனசாரக் கொடுத்தது அதுதான்.

செய்முறை நாலு பேருக்கு. முப்பது பேருக்கு எட்டு மடங்கு. கடையில் ஒன்றரைக் கிலோ வெந்தயம் கேட்டேன். "எதுக்கும்மா இவ்வளவு, ஊருக்கே தலை தேய்க்கவா?" என்றார் கடைக்காரர். வெங்காயம் எட்டு டீஸ்பூன். ஒரு வெங்காயத்தை நறுக்கினேன், அதிலும் கொஞ்சம் மிச்சமாகிவிட்டது. மற்ற ஒன்பதையும் என் உயிரைக் கொடுத்துச் செய்தேன். குழம்பு மட்டும் சரியில்லை என்றால் அது கைத்தவறாகிவிடும். எல்லாம் நன்றாக இருந்து அது மட்டும் விஷமாக இருக்க வேண்டும்.

விருந்துக் கூடத்தில் ஒவ்வொரு தட்டுக்குப் பக்கத்திலும் ஒரு புத்தகம். அவள் பட்டுப் புடவையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "எல்லாமே என் கையால செஞ்சது" என்று ஆரம்பித்தாள். பரிமாறுகிறவர்களோடு நானும் குழம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் போனேன். குருமாவை எல்லாரும் இரண்டாம் தரம் கேட்டார்கள். வடை தீர்ந்துபோனது. அப்புறம் குழம்பு.

என் முதலாளிதான் முதலில் வாயில் வைத்தார். மென்றார், நிறுத்தினார், தண்ணீர் டம்ளரை எடுத்தார். அந்த டம்ளர் காலியானதும் பக்கத்து டம்ளரையும் எடுத்தார். இரண்டு நாற்காலி தள்ளி ஒருவர் கைக்குட்டைக்குள் துப்பினார். கூடம் முழுக்கச் சத்தம் அடங்கி, டம்ளர் வைக்கிற ஓசை மட்டும் கேட்டது. அந்த ஓசையை நான் ரசித்தேன். சொல்ல வெட்கமில்லை.

அவளும் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தாள். முகம் கோணியது.

"என்னடி போட்ட இதுல?" என்றாள். மைக் இன்னும் கையில் இருந்தது.

"புத்தகத்துல உள்ளதுதான்க்கா. அறுபத்தி மூணாம் பக்கம்."

புத்தகங்கள் புரளும் சத்தம். ஓரத்தில், நர்ஸ் உடையிலேயே வந்து உட்கார்ந்திருந்த ஒரு வாசகி எழுந்து நின்றார். "வெந்தயம் ஒரு கப்" என்று படித்தார். "நான் அப்பவே கேட்டேனே மேடம், ஒரு கப்பான்னு. வீட்டு ரகசியம்னு சொன்னீங்க. நானும் செஞ்சேன். எங்க வீட்ல ஒருத்தரும் வாய்ல வைக்கல. என் கைதான் சரியில்லைன்னு நெனச்சுக்கிட்டேன்."

அது மட்டும் எனக்குச் சுருக்கென்றது. முன்பின் தெரியாத ஒருத்தி என் மௌனத்தைச் சமைத்துச் சாப்பிட்டிருக்கிறாள்.

"அது நான் எழுதல" என்றாள் என் ஓரகத்தி. "இவ எழுதினது."

மூன்று வருஷம் காத்திருந்த வார்த்தை. முப்பது பேர் முன்னால், மைக்கில். என் காது குளிர்ந்தது. நர்ஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப இதெல்லாம் இவங்க எழுதினதா?"

அவள் ஒரு நொடி யோசித்தாள். பிறகு நிதானமாகச் சிரித்தாள்.

"சேச்சே. அந்த ஒண்ணு மட்டும்தான். பாவம், ஆசைப்பட்டாளேன்னு சேத்தேன்."

வாளி என் கையில் கனத்தது. நூறில் தொண்ணூற்றொன்பதை அவளே வைத்துக்கொண்டு, கசக்கிற ஒன்றை மட்டும் எனக்குக் கொடுத்துவிட்டாள். நான் மாமியாரைப் பார்த்தேன். ஒவ்வொரு செய்முறையும் எந்த அடுப்பில் பிறந்தது என்று அவருக்குத் தெரியும். அவர் பாயசத்தைக் கலக்கிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார். எல்லாரும் ஐயோ பாவம் என்று என்னைப் பார்த்தார்கள். அன்று மாலை வீட்டுக்கு வந்து வாளியைத் தேய்த்தேன். எவ்வளவு தேய்த்தும் வெந்தய வாசனை போகவில்லை.

மறுநாள் முதலாளி கூப்பிட்டார். "மிச்சம் ஐநூறு பிரதி கெடக்கு. இப்படியே வெளிய விட முடியாது. பிழைதிருத்தம்னு ஒரு துண்டுச்சீட்டு அடிச்சு ஒட்டிடலாம். நீயே எழுதி அவங்ககிட்ட கையெழுத்து வாங்கிடும்மா."

எழுதினேன். மொத்தம் மூன்றே வரி. மாடி ஏறிப் போய் நீட்டினேன்.

"அறுபத்தி மூணாம் பக்கத்துக்குத் திருத்தம்க்கா. படிச்சுப் பாத்துட்டு கையெழுத்துப் போடுங்க."

"அந்தப் பக்கத்தைக் கண்ணால பாக்கவே பிடிக்கல. குடு இப்படி" என்றாள். போனிலிருந்து கண்ணை எடுக்காமலே நீல மையில் எழுதினாள். 'எல்லாம் ஓகே. அப்படியே.'

"ஒரு தடவை படிச்சுடுங்களேன்."

"உன்னை நம்பாம யாரை நம்பறது? போ, போ."

அச்சகத்தில் முதலாளி அந்தச் சீட்டை இரண்டு முறை படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் நீல மையைக் காட்டினேன். அவருக்குக் குழம்பின் ஞாபகம் வந்திருக்க வேண்டும், ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார்.

"எழுதினவங்களே ஓகே சொன்னப்புறம் நாம யாரும்மா மாத்த? அச்சுக்குப் போகட்டும்."

சீட்டில் இருந்தது இவ்வளவுதான்:

பிழைதிருத்தம்

பக்கம் 63: 'வெந்தயம் ஒரு கப், வெங்காயம் ஒரு டீஸ்பூன்' என்பதை 'வெங்காயம் ஒரு கப், வெந்தயம் ஒரு டீஸ்பூன்' எனத் திருத்திப் படிக்கவும்.

அட்டை: 'எழுதியவர்' என்பதைப் 'படம் எடுத்தவர்' எனத் திருத்திப் படிக்கவும்.

பக்கம் 5: 'பிழை பார்த்தவர்' என்பதை 'எழுதியவர்' எனத் திருத்திப் படிக்கவும்.

ஐநூறு பிரதியிலும் நானே பசை தடவி ஒட்டினேன். ஒன்றுகூடக் கோணவில்லை.