கலைமணியின் மஜ்ஜை

ஒரகடத்துக் கார் கம்பெனியில் இரும்புச் சட்டம் விழுந்து முறிந்த கலைமணியின் கால் எலும்பு, எட்டு மாதமாகியும் கூடவில்லை. திங்கட்கிழமைக்குள் ‘வேலைக்குத் தகுதி’ என்று டாக்டர் எழுதித் தராவிட்டால் வேலை போய்விடும். முடிவைக் கேட்டுப்போக எச்.ஆர். அதிகாரி அறிவுமதி வந்திருந்தார். கலைமணியின் மனைவி சசிரேகா ஊன்றுகோலைப் பிடித்தபடி நின்றாள்.

டாக்டர் சிவசங்கர் இருமுவதற்குக்கூட முன்னுரை கொடுப்பவர். இடுப்பெலும்பிலிருந்து எடுத்த மஜ்ஜையை முறிவில் ஊசியாகப் போடுவதாகத் திட்டம். நேற்றே படித்துவிட்ட சோதனை முடிவை மறுபடி பிரித்தவர் எழுந்து நின்றார்.

“உங்க மஜ்ஜையில எலும்பைக் கட்டுற ஸ்டெம் செல் ரொம்பக் குறைவு. இருக்கறதும் எலும்பாகாம கொழுப்பா மாறுது. அறுபது வயசுன்னா ஆச்சரியமே இல்ல. நாப்பத்தொம்பதுல இது நோய். அபூர்வ நோய். சிங்கப்பூர் மாநாட்டுக்குக் கட்டுரையே அனுப்பிட்டேன்.”

கலைமணிக்கு முகம் வெளுத்துவிட்டது. சசிரேகா குனிந்து, “யோவ், சொல்லித் தொலையேன். இல்லாத நோவுக்கு மருந்து குடுத்துடப் போறாங்க” என்றாள்.

“சார், நான் கலைமணி இல்ல. அவன் என் தம்பி, துபாய்ல கீறான். கம்பெனி எங்க ஊருக்கு வரசொல்ல முப்பத்தஞ்சுக்குள்ளதான் எடுப்போம்னாங்க. அவன் பத்தாவது சர்டிபிகேட்ட வெச்சு சேந்துட்டேன். எங்க ஊர்ல பாதிப்பேரு அப்டித்தான். என் பேரு கார்முகில். அம்பத்தொம்பது ஆவுது.”

டாக்டர் மேஜைமேலிருந்த தன் கட்டுரையைப் பிரேதத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். கம்பெனியில் ஐம்பத்தெட்டில் ஓய்வு. போன வருடமே மாலை போட்டு அனுப்பியிருக்க வேண்டிய ஆள் என்பது அறிவுமதிக்கு உறைத்தது. அடுத்த நொடி, அந்தச் சர்டிபிகேட்டின் கீழே ‘நேரில் சரிபார்த்தேன்’ என்று கையெழுத்துப் போட்டவர் தானேதான் என்பதும். அந்தக் கறார்த்தனத்துக்காகத்தான் பதவி உயர்வே கிடைத்தது.

“டாக்டர், வலியில உளர்றாரு” என்றார் அறிவுமதி. “கலைமணிக்கு அபூர்வ நோய்தான். கேட்ல உக்கார்ற வேலை குடுத்துடறேன். இன்னும் ஒம்பது வருஷம் இருக்கே.”

டாக்டருக்கு உயிர் வந்தது. “நானும் அதான் சொன்னேன்” என்று பேனாவைத் திறந்தார்.

சசிரேகா இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். “எழுதுங்க சார். ஊசிய மட்டும் இவரு வயசுக்குப் போடுவீங்களா, கொழுந்தன் வயசுக்கா?”

டாக்டர் எழுதிக்கொண்டே போனார். அவள் மறுபடி கேட்க வாயெடுத்தாள்.

“வேலை கீதில்ல” என்றார் கார்முகில், ஊன்றுகோலை வாங்கிக்கொண்டு. “காலு போனா போவுது, வுடு.”