மூன்றாவது வரி திறக்கவில்லை

நர்ஸ் உசுய் மூன்றாவது வரியை நான்காம் முறையாகத் தட்டினார். கணினித் திரை நான்காம் முறையும் அதே பதிலைச் சொன்னது: கோப்பு கிடைக்கவில்லை.

மேசைக்கு இந்தப் பக்கமிருந்து மிசுஹோ எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையின் மேலே அவள் அப்பா தொகுஜியின் பெயர், வயது எண்பத்திரண்டு. கீழே அவருடைய ஆவணங்களின் பட்டியல். ரத்தப் பரிசோதனை திறந்தது, எக்ஸ்ரே திறந்தது, போன வாரம் அவர் குடித்த உப்பில்லாக் கஞ்சியின் குறிப்புகூடத் திறந்தது. 'சுவாசக் குழாய் வேண்டாம் - ஒப்பம் பெறப்பட்டது' என்ற மூன்றாவது வரி மட்டும் திறக்கவில்லை.

நான்கு வருடத்துக்கு முன் இதே ஆஸ்பத்திரியில் மிசுஹோவின் அம்மா தொண்டையில் குழாயோடு நாற்பத்தோரு நாள் கிடந்து செத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அத்தனை நாளையும் பார்த்தவர் தொகுஜி. சென்ற இலையுதிர் காலத்தில் மகளையும் கூட்டிக்கொண்டு வந்து, தனக்கு அது வேண்டாமென்று எழுதி, கையெழுத்துக்குப் பதிலாகத் தன் பெயர் முத்திரையைக் குத்திக் கொடுத்துவிட்டு, எதிர்க்கடையில் இரண்டு கிண்ணம் சோபா நூடுல்ஸ் சாப்பிட்டார். இப்போது நிமோனியா முற்றி, சுவருக்கு அந்தப் பக்கம் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார்.

"வரி இருக்கே டாக்டர், தேதியோட இருக்கே" என்றாள் மிசுஹோ.

டாக்டர் கசாமா அன்று ஒருநாள் பணிக்கு வேறு ஊரிலிருந்து வந்தவர். "வரி இருந்தா போதாதும்மா. முத்திரைய நான் கண்ணால பாக்கணும். நாளைக்கு யாராவது கேட்டா நான்தானே பதில் சொல்லணும்?"

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது சரிதான். ஆனால் சுரைக்காயை ஏட்டில் ஏற்றியது இவர்கள்தானே? மூலக் காகிதத்தை ஊருக்கு வெளியே கிடங்குக்கு அனுப்பிவிட்டார்களாம். வீட்டில் இருக்கும் நகலை எடுத்துவரப் பனிச்சாலையில் போக நாற்பது நிமிடம், வர நாற்பது நிமிடம். கால் மணி நேரம் பொறுப்பதாக டாக்டர் பெரிய மனதோடு சொன்னார்.

டிராக்டர் உதிரிபாகக் கடையில் பத்தொன்பது வருடமாக இதே மாதிரிப் படிவத்தில் பில் ஏற்றுகிறவள் மிசுஹோ. அந்த வரி கோப்பை எங்கே போய்த் தேடுகிறது என்று காட்டச் சொன்னாள். உசுய் காட்டினார். ஆஸ்பத்திரியின் பொதுச் சேமிப்பகத்தில் அல்ல. பதிவு அலுவலகத்து நெமோதோ என்பவரின் சொந்தக் கணினியில், முகப்புத் திரையில். அந்த அம்மாள் ஸ்கேன் செய்ததைத் தன் கணினியிலேயே வைத்துக்கொண்டு இணைப்புக் கொடுத்திருக்கிறார். அவர் நாற்காலியில் உட்கார்ந்தால் திறக்கும். வேறு எங்கிருந்தும் திறக்காது. கடையில் புதிதாகச் சேரும் பெண்கள் முதல் வாரத்தில் செய்து திட்டு வாங்கும் தப்பு இது. அங்கே ஒரு பில் தேங்கும். இங்கே ஒரு மனிதனின் தொண்டை.

உசுய் போன் செய்தார். சாப்பாட்டு நேரம், யாரும் எடுக்கவில்லை. மிசுஹோ இரண்டு மாடி படியிறங்கி ஓடினாள். பன்னிரண்டிலிருந்து ஒன்றுவரை இடைவேளை என்று அட்டை தொங்கிய ஷட்டரை உள்ளங்கையால் அறைந்தாள். சாப்ஸ்டிக்கோடு எட்டிப் பார்த்த நெமோதோ ஒரு மணிக்கு வரச் சொன்னார். மிசுஹோ அவரைத் தள்ளாத குறையாக உள்ளே நுழைந்து விஷயத்தைச் சொன்னாள்.

"திறக்கலியா? என் கம்ப்யூட்டர்ல நல்லா திறக்குதே. இந்தா, பாருங்க" என்று நெமோதோ ஒரு தட்டுத் தட்டினார். திறந்தது.

அப்பாவின் கோணல் எழுத்து. அதன் பக்கத்தில் சிவப்பாக அவருடைய முத்திரை, இடப்பக்கம் அன்றைய டாக்டரின் முத்திரையை நோக்கிச் சாய்ந்திருந்தது. நகராட்சிக் குடிநீர் அலுவலகத்தில் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்தவர். அங்கே சின்னவர்கள் தங்கள் முத்திரையைப் பெரியவர் முத்திரைக்குப் பக்கத்தில் தலைகுனிந்த மாதிரி சாய்த்துத்தான் குத்துவார்கள். என்னை நிம்மதியாகச் சாகவிடுங்கள் என்று கேட்பதற்கும் மனுஷன் குனிந்தே கேட்டிருக்கிறார்.

நகல் வேண்டுமென்றால் ஒரு விண்ணப்பம் எழுதித் தரவேண்டும் என்று நெமோதோ ஆரம்பித்தார். மிசுஹோ தானே அச்சிட்டு, தாளை உருவிக்கொண்டு ஓடினாள்.

அதற்குள் கால் மணி நேரம் கடந்திருந்தது. மேலே குழாயைச் செருகி முடித்திருந்தார்கள். அப்பா அதைப் பிடுங்கிவிடாதபடி இரண்டு கைகளுக்கும் பஞ்சுக் கையுறை மாட்டிக் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். அவர் கண் திறந்திருந்தது. மகளைப் பார்த்தது, பிறகு அவளைப் பார்ப்பதை விட்டுவிட்டது.

டாக்டர் தாளை நின்றபடியே படித்தார். "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றார். "ஆனா, போட்டத எடுக்கணும்னா கமிட்டி கூடணும். நாளைக்குக் காலைல கூட்டச் சொல்றேன்."

"வேண்டாம்னு சொன்னதப் போடறதுக்கு எந்தக் கமிட்டி கூடுச்சு?"

தாளை உசுயிடம் நீட்டிவிட்டு டாக்டர் வெளியே போனார். மிசுஹோ ஒரு கையுறையையாவது அவிழ்க்கச் சொன்னாள். அதற்கும் டாக்டர்தான் எழுதித் தரவேண்டுமாம். அவள் கேட்காமலே அவிழ்த்துவிட்டு, அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டாள். நாலரை மணிக்குத் தொகுஜி குழாயோடு போய்ச்சேர்ந்தார். கமிட்டிக்கு வேலை மிச்சம்.

பின்வாசலில் அப்பாவின் உடலோடு ஈமச்சடங்கு மண்டபத்தின் வண்டி நின்றது. மிசுஹோ முன்னிருக்கையில் ஏறினாள். நெமோதோ ஜன்னலருகே வந்து, இணைப்பைச் சரிசெய்துவிட்டதாகவும் இனி எந்தக் கணினியிலும் திறக்குமென்றும் மெல்லிய குரலில் சொன்னார். மிசுஹோ கண்ணாடியை ஏற்றினாள்.

வழக்கப்படி டாக்டர், உசுய், நெமோதோ மூவரும் வரிசையாக நின்று இடுப்புவரை குனிந்தார்கள். வண்டி கண்ணுக்கு மறையும்வரை யாரும் நிமிரக்கூடாது. வீட்டாரும் பதிலுக்குக் குனிவது முறை. அதற்காக ஓட்டுநர் காத்திருந்தார். மிசுஹோ நேராக உட்கார்ந்திருந்தாள். சிறிது நேரம் பார்த்துவிட்டு அவர் வண்டியை எடுத்தார்.

வாசலைத் தாண்டியதுமே சிக்னல் சிவப்பு. பக்கக் கண்ணாடியில் இன்னும் நிமிராத மூன்று முதுகுகள் தெரிந்தன. அவற்றின் மேல் பனி விழத் தொடங்கியிருந்தது.

சிக்னல் பச்சையானது. பின்னால் வேறு வண்டி எதுவும் இல்லை.

"கொஞ்சம் இருங்க" என்றாள் மிசுஹோ ஓட்டுநரிடம்.